டிஏசி திரையில் 48 மாறவே இல்லை: வீட்டு ஸ்ட்ரீமிங்கில் உண்மையான ஹை-ரெஸ் ஒலி

பாளையங்கோட்டை கே.டி.சி. நகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, ஆப்பிள் மியூசிக் சந்தா கட்டிட்டேன். திரை உள்ள டிஏசி ஒண்ணு, ஆம்ப்ளிஃபயர், சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடி எல்லாம் வாங்கியாச்சு. ஆண்ட்ராய்டு போன்ல இருந்து யுஎஸ்பி வயர்ல கொடுக்கேன். பாட்டுக்குக் கீழ ஹை-ரெஸ் லாஸ்லெஸ்னு போட்டிருக்கு. ஆனா டிஏசி திரையில எந்தப் பாட்டுக்கும் 48னே நிக்கு. நான் கேக்கது ஹை-ரெஸ்தானா? பழைய ப்ளூடூத் ஸ்பீக்கருக்கும் இதுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் தெரியலையே. அப்பா வச்சிருக்க வில்லுப்பாட்டு கேசட்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். அத எந்த அளவுல பதியணும்?"

தம்பி, உங்கள் சந்தேகம் நியாயமானது. நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது ஹை-ரெஸ், அதாவது மிக நுணுக்கமாக அளந்து பதிந்த ஒலி, இல்லை. செயலியில் தெரியும் எழுத்து, அவர்கள் கிடங்கில் என்ன சரக்கு இருக்கிறது என்று சொல்கிறது. டிஏசி என்பது எண்களாக வரும் பாட்டை ஒலி அலையாக மாற்றும் பெட்டி; உங்கள் வாசலில் என்ன வந்து இறங்கியது என்பதை அதன் திரைதான் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டிஏசியை நம்புங்கள். திரை இல்லாத சின்ன டிஏசிகளில் ஒரு விளக்கு இருக்கும். வரும் அளவுக்குத் தக்க அதன் நிறம் மாறும். எந்த நிறம் எந்த அளவு என்று பெட்டியோடு வந்த தாளில் இருக்கும். அந்தத் தாளைத் தூரப் போட்டுவிடாதீர்கள்.

எண்களை ஒருமுறை சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றது எல்லாம் விளங்கிவிடும். 1982இல் வந்த சிடியின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதாவது ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதி வைப்பது. அளக்கும் வேகத்தில் பாதி வரைக்குமான அதிர்வெண்ணைத்தான் பதிய முடியும் என்பது கணித விதி. ஆகவே சிடியில் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை அடங்கும். நல்ல இளம் காதுக்கே எல்லை 20 கிலோஹெர்ட்ஸ்தான். பிட் என்பது மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் நடுவே உள்ள தூரம். பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபெல். 16 பிட்டுக்கு 96 டெசிபெல், 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144. லாஸ்லெஸ் என்றால் எதையும் இழக்காமல் சுருக்கியது. ஆப்பிள் கணக்கில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை வெறும் லாஸ்லெஸ். அதைத் தாண்டி 192 வரை போவதற்குத்தான் ஹை-ரெஸ் லாஸ்லெஸ் என்று பெயர்.

உங்கள் 48 எங்கிருந்து வந்தது? போனிலிருந்து. போனில் பாட்டு ஓடும்போதே வாட்ஸ்அப் மணி அடிக்க வேண்டும், அலாரம் கேட்க வேண்டும். எல்லா ஒலியையும் ஒன்றாகக் கலந்து வெளியே விட ஆண்ட்ராய்டுக்குள் ஒரு கலவைப் பகுதி உண்டு. பல போன்களில் அது எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டுத்தான் கலக்கும். 192இல் வந்த பாட்டு 48க்குச் சுருங்குகிறது. சிடி அளவில் வந்த 44.1 பாட்டும் 48 ஆகிறது. அதாவது சாதாரணப் பாட்டுகூடத் தொடாமல் உங்கள் டிஏசிக்கு வரவில்லை. இந்தக் கலவையைத் தாண்டி யுஎஸ்பி டிஏசிக்கு அப்படியே அனுப்புகிற வசதியை ஆண்ட்ராய்டு 14இல் கொண்டுவந்தார்கள். ஆனால் போன் தயாரிப்பவரும் செயலி எழுதுபவரும் அதைப் பயன்படுத்தினால்தான் உண்டு. போனில் இறக்கி வைத்த ஃபைல்களாக இருந்தால் யுஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ போன்ற செயலி ஆண்ட்ராய்டின் கலவையை ஒதுக்கிவிட்டு டிஏசியோடு நேரடியாகப் பேசும். ஆப்பிள் மியூசிக் பாட்டை அதற்குள் கொண்டுவர வழியில்லை.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பெருமாள்புரத்தில் ஒரு வீட்டுக்கு இப்படித்தான் போனையும் டிஏசியையும் இணைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் "எப்படி இருக்கு, எப்படி இருக்கு" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்களும் "பிரமாதம்" என்றார்கள். பிறகு ஒருநாள் வேறு வேலையாகப் போனபோதுதான் அந்த விளக்கு ஒரே நிறத்தில் நிற்பதைப் பார்த்தேன். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் 44.1இல் ஒரு பாட்டு, 96இல் ஒரு பாட்டு, 192இல் ஒரு பாட்டு போட்டு, மூன்றுக்கும் திரை மாறுகிறதா என்று பார்க்காமல் கிளம்புவதில்லை. மாறினால் வழி திறந்திருக்கிறது. மாறாவிட்டால் நடுவில் யாரோ கை வைக்கிறார்கள்.

உங்களுக்குச் செலவு குறைந்த வழி, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஐபோனோ ஐபேடோ. ஆப்பிள் மியூசிக் அதில் ஓடும்போது ஒவ்வொரு பாட்டின் அளவுக்கும் டிஏசி தானாக மாறும். பழைய லைட்னிங் வாய் உள்ளதென்றால் சார்ஜ் வயரும் சேர்த்துச் செருகுகிற கேமரா அடாப்டர் வேண்டும். 2023இல் வந்த ஐபோன் 15 முதல் நேராக டைப்-சி. திரை உடைந்த போன்கூடப் போதும், ஸ்பீக்கர் பக்கத்திலேயே நிரந்தரமாக வைத்துவிடலாம். அமைப்புகளில் ஆடியோ தரம் என்ற இடத்தில் மொபைல் டேட்டா, வைஃபை, பதிவிறக்கம் மூன்றுக்கும் தனித்தனியாகத் தேர்வு இருக்கும். வைஃபைக்கு ஹை-ரெஸ் வையுங்கள். டால்பி ஆட்மாஸ் எப்போதும் ஓடும்படி இருந்தால் நிறுத்துங்கள். ஆப்பிள் மியூசிக்கில் ஆட்மாஸ் வடிவம் லாஸ்லெஸ் இல்லை, சுற்றிலும் இருந்து கேட்பதுபோல் செய்த வேறொரு கலவை. சவுண்ட் செக், ஈக்வலைசர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். டிஏசியில் இறங்கும் எண்களை மாற்றும் வேலைதான் அவை.

மேக் கணினியில் இதே செயலி அளவைத் தானாக மாற்றாது. மேக்கிலேயே இருக்கும் ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியில் போய் நாமே மாற்ற வேண்டும். விண்டோஸும் சாதாரணமாக நாம் குறித்து வைத்த ஒரே அளவுக்குத்தான் எல்லாவற்றையும் மாற்றும். மற்ற ஒலிகளை ஒதுக்கி டிஏசியைத் தனக்கே எடுத்துக்கொள்ளும் பிரத்தியேகப் பயன்முறை உள்ள செயலி என்றால் தப்பிக்கலாம். ஆப்பிள் டிவி பெட்டி 48க்கு மேல் போகாது. இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஓட்டும் தனி ஸ்ட்ரீமர் பெட்டி வாங்கலாமா என்றால், நல்ல யோசனைதான். ஆனால் காசு கொடுக்கும் முன் ஒரு கேள்வி: நான் சந்தா கட்டும் சேவை இந்தப் பெட்டிக்குள்ளேயே நேராக ஓடுமா, இல்லை போனிலிருந்து தள்ளிவிட வேண்டுமா? தள்ளிவிட வேண்டும் என்றால் பழைய கதைதான். ஆப்பிள் மியூசிக் நேராக ஓடும் பெட்டிகள் குறைவு. யூடியூப் மியூசிக்கில் எத்தனை நல்ல டிஏசி வைத்தாலும் 256 கிலோபிட்தான் உச்சம். ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில் லாஸ்லெஸ் அறிவித்தது. அதன் உச்சம் 24 பிட், 44.1. திரையில் 44.1 நின்றால் அங்கே அது குறை இல்லை.

ப்ளூடூத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சிடி ஒலிக்கே நொடிக்கு 1411 கிலோபிட் வேண்டும். எல்டாக் என்ற உயர்ந்த வகை ப்ளூடூத் நல்ல சிக்னலில் 990 தரும், அதுவும் சுருக்கித்தான். பெட்டியில் தங்க நிறத்தில் ஹை-ரெஸ் ஒட்டு இருக்கலாம். அந்த ஒட்டு, கருவி 40 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும் என்று சொல்லும்; உங்கள் பாட்டு அதுவரை வந்தது என்று சொல்லாது.

டேட்டா கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடப் பாட்டு சாதாரணத் தரத்தில் சுமார் 6 எம்பி, லாஸ்லெஸில் 36, 192 ஹை-ரெஸில் 145 எம்பி என்று ஆப்பிள் கணக்குச் சொல்கிறது. நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக் போட்டிருப்பவருக்குப் பத்துப் பாட்டில் அன்றைய டேட்டா தீர்ந்தது. வீட்டு ஃபைபர் இணைப்புக்கு இது ஒன்றுமே இல்லை. டவுன் ரத வீதிப் பக்கம் ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர் உள்ள பழைய வீடுகளில் மட்டும் வைஃபை உள்ளறைக்கு வராமல் பாட்டு நின்று நின்று ஓடும். அங்கே ஒரு லேன் வயர் இழுத்துவிட்டால் சரி. அதனால் ஒலி இனிமையாகாது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். யுஎஸ்பி வயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். டேட்டா போகும் வயராக இருக்க வேண்டும், சார்ஜுக்கு மட்டுமானதாக இருக்கக் கூடாது. அதுதான் முக்கியம்.

இனி சரக்கைப் பற்றி. வழியெல்லாம் திறந்து 96 என்று திரை காட்டினாலும், அந்தப் பாட்டு பதிவானபோதே அந்த நுணுக்கம் அதில் இருந்ததா? நம் ஊர் ஆட்கள் அதிகம் கேட்பது பழைய பாட்டுகளை. எழுபதுகளின் பாட்டுகள் காந்த நாடாவில் பதிவானவை. நல்ல ஸ்டூடியோ நாடா 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் கொஞ்சம் பிடிக்கும். இரைச்சலைக் கழித்தால் 60, 70 டெசிபெல் தூரம் தரும். மூல நாடாவையே எடுத்து, நாடாவைப் படிக்கும் தலைப்பகுதி சரியாக வைத்த கருவியில் ஓட்டி 24 பிட்டில் மாற்றியிருந்தால் அது உண்மையான வேலை. எல்பி தட்டிலிருந்தோ பழைய சிடியிலிருந்தோ எடுத்து 96க்கு ஊதிப் பெருக்கியிருந்தால், பையில் காற்று அடைத்த கதை.

அதைவிடச் சிக்கலானது எண்பதுகளின் கடைசியும் தொண்ணூறுகளும். 1987இல் சோனி டாட் என்ற டிஜிட்டல் நாடாவைக் கொண்டுவந்தது: 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை. ஒரு பாட்டின் இறுதிக் கலவை டாட்டில் மட்டுமே இருக்கிறது என்றால், அதற்கு மேல் ஒரு துளி தகவலும் உலகில் எங்கும் இல்லை. அதை 192 என்று விற்றால் அந்தக் கூடுதல் இடம் முழுக்க வெறுமை. நாம் உயிராக நினைக்கும் பல பாட்டுகள் இந்தக் காலத்தவை, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கிய ஃபைல் என்றால் ஸ்பெக் என்ற இலவச நிரலில் திறந்து பாருங்கள். வண்ணப் படத்தில் 22 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் அறுத்ததுபோல மேலே கறுப்பாக நின்றால், பெரும்பாலும் அது சிடி அளவிலிருந்து ஊதியது. 16 பக்கத்திலேயே அறுந்திருந்தால் பழைய எம்பி3 எங்கோ நடுவில் புகுந்திருக்கிறது.

மேலே இருக்கும் அந்த அதிர்வெண்கள் காதுக்குக் கேட்கிறதா என்ற கேள்விக்கும் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். 2007இல் மேயர், மோரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹை-ரெஸ் ஒலிக்கு நடுவே சிடி அளவுக்குச் சுருக்கும் ஒரு கருவியை வைத்து, எது எது என்று கேட்டார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை ஏறத்தாழப் பாதிக்குப் பாதி, காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். 2016இல் ஜோஷுவா ரீஸ் என்ற ஆய்வாளர் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார், மொத்தத்தில் 52.3 சதவீதம் சரி, பயிற்சி பெற்ற காதுகளுக்கு 60 பக்கம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது. அப்படியென்றால் நான் ஏன் ஹை-ரெஸ் தேடச் சொல்கிறேன்? புதிதாக ஹை-ரெஸில் வெளியிடும்போது பல நேரம் மூலத்துக்குத் திரும்பிப் போகிறார்கள், சத்தத்தை நசுக்காமல் கலக்கிறார்கள். அந்த வித்தியாசம் யாருக்கும் கேட்கும். உங்களுக்குக் கேட்காததற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் அறை.

அறைதான் நம் ஊரில் பெரிய வில்லன். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களின் ஒலியைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: கல் ஒலியை விழுங்காது, திருப்பிக் கொடுக்கும். நம் வீட்டு மொசைக் தரை, சிமெண்ட் சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் கல்தான். அறை நடுவில் நின்று பளீரென்று ஒருமுறை கை தட்டுங்கள். "டக்" என்று நிற்காமல் "டர்ர்ர்" என்று இழுத்தால், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒவ்வோர் ஒலிக்கும் அதே வால் ஒட்டிக்கொள்கிறது. தவிலின் அடிக்கு அடி உள்ள இடைவெளியை அந்த வால் மெழுகிவிடும். தரையில் பத்தமடைப் பாய் விரித்திருக்கிறேன், போதாதா என்று கேட்பார்கள். அழகான பாய்தான், ஆனால் அத்தனை மெல்லிய கோரை ஒலியை ஏறக்குறைய ஒன்றுமே குடிக்காது. கனமான ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பின்சுவரில் நிமிர்த்திச் சாய்த்துவிட்டு மறுபடி கை தட்டிப் பாருங்கள். இரவல் மெத்தையாக இருந்தாலும் சோதனைக்குப் போதும். இன்னொன்று, திறந்த ஜன்னல் வழியாகப் போன ஒலி திரும்பி வராது. ஒலி உறிஞ்சும் அளவையே திறந்த ஜன்னலின் பரப்பைக் கொண்டுதான் கணக்கிட்டார்கள். தெரு அடங்கிய பிறகு இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்பது செலவே இல்லாத மருந்து.

ஸ்பீக்கரை ஷோகேஸ் அலமாரிக்குள் வைத்திருக்கிறீர்களா? அநேகம் வீடுகளில் அங்கேதான் இருக்கிறது, கண்ணாடிப் பொம்மைகளுக்கு நடுவே. அந்தக் குழி ஒரு பானை மாதிரி கீழ் ஒலியைத் தனியாக உப்ப வைக்கும். வெளியே எடுத்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஸ்டூல் மேல் வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் நீங்கள் உட்காருங்கள். உயர் ஒலி வரும் சின்னக் கூம்பு காது மட்டத்தில் இருக்க வேண்டும். நம் பழக்கம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்வது; அப்படியென்றால் ஸ்டூலைத் தாழ்த்துங்கள், இல்லை ஸ்பீக்கரின் பின்பக்கத்துக்கு அடியில் ஒரு மரத்துண்டு கொடுத்து முன்னால் சாயுங்கள். பன்னிரண்டடி நீள அறையில், நம் ஊர் வெயிலின் சூட்டுக்கு, 48 ஹெர்ட்ஸ் பக்கம் ஓர் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நிற்கும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அது இரட்டிப்பாகக் கேட்கும், அறையின் நடுவில் காணாமல் போகும். நாற்காலியை அரை அடி அரை அடியாக நகர்த்திப் பார்ப்பதுதான் வழி.

பிறகு ஃபேன். அமைதியான அறையில் 30 டெசிபெல் இரைச்சல் என்றால், சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது 45, 50 ஆகிவிடும். பாட்டின் உச்சம் 95 என்று வைத்தாலும் உங்களுக்கு மிஞ்சுவது 50 டெசிபெல். ஒன்பது பிட்டுக்குக் கூட வராது. சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் அடிக்க வருவீர்கள். சாரல் காலத்து இரவு ஒன்றில் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஒரு குரல் முடிந்து அதன் எதிரொலி மெல்லக் கரைவது அப்போதுதான் கேட்கும். 24 பிட் பேசுவது அங்கேதான்.

மின்சாரத்தையும் பாருங்கள். பாட்டு ஓடாதபோதும் "ம்ம்" என்று ஸ்பீக்கர் முனகினால் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முனகல் போகிறது என்று எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டு ஓட்டாதீர்கள், உயிருக்கு ஆபத்து. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கரகரத்தால் அது சதுர அலை இன்வெர்ட்டர். சைன் அலை இன்வெர்ட்டர் அப்படிச் செய்யாது. எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் இரைச்சல் போடும். ஃபேனை ஐந்தில் வைத்தோ அணைத்தோ பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

எல்லாம் வைத்து முடித்ததும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரப் பதிவு ஒன்றைப் போடுங்கள். அவர் 1964இல் மறைந்துவிட்டார், பழைய பதிவுகளில் பெரும்பாலானவை மோனோ. ஹை-ரெஸ் சோதனைக்கு எதற்கு மோனோ என்று கேட்காதீர்கள். மோனோ ஒலி இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில், ஆள் உட்கார்ந்து வாசிப்பதுபோல ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். அறை முழுக்கச் சிதறி, எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் இருந்தால் ஒரு ஸ்பீக்கருக்குச் சிவப்பு கறுப்பு வயர் மாறியிருக்கிறது. பத்தில் இரண்டு மூன்று வீட்டிலாவது இந்தத் தப்பை நான் பார்த்து மாற்றியிருக்கிறேன். இடப்பக்கம் இழுத்தால், அந்தப் பக்கச் சுவர் கிட்டத்தில் இருக்கிறது. அந்த நாகசுரம் நடுவில் வந்து நிற்கும் வரை 192ஐப் பற்றி யோசிக்காதீர்கள்.

கடைசியாக அப்பாவின் வில்லுப்பாட்டு கேசட். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். கேசட் நாடா பொதுவாக 15 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாது, ஆகவே 96, 192 எல்லாம் இடத்துக்குத்தான் கேடு. ஆனால் 24 பிட் வேண்டும். உடுக்கையும் குடமும் எப்போது ஓங்கி அடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. உச்சம் பதிவு மீட்டரில் மைனஸ் 12 டெசிபெல்லுக்கு மேல் போகாதபடி (பூஜ்யம்தான் எல்லை) அளவைக் குறைத்து வைத்துப் பதிந்தால், திடீர் அடி விழுந்தாலும் உடையாது. 24 பிட்டில் அப்படிக் குறைப்பதால் நட்டமில்லை. பதியும் முன் டெக்கின் தலையையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டை ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டி நாடாவைத் தளர்த்துங்கள். பிறகு தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கால் சுற்றுக்கும் குறைவாக மெல்லத் திருப்புங்கள். மூடிக் கிடந்த ஒலி ஓரிடத்தில் சட்டென்று திறக்கும், தாளச் சத்தம் பளிச்சென்று கேட்கும். அங்கே நிறுத்திவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் அந்த இடம் வேறாக இருக்கும். கோயில் கொடையில் பதிந்தவர் எந்த டெக்கில் பதிந்தாரோ அதன் தலை எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படி நம் தலையும் சாய வேண்டும். இரைச்சலைக் கழிக்கும் நிரல் எதையும் முதல் பிரதியில் ஓட்டாதீர்கள். அந்தப் பிரதியைத் தனியாக இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, மெருகு வேலையை நகலில் செய்யுங்கள்.